நூலில்லாப் பட்டமும் ஒரு பிழைக் கொப்பியும்

பட்டம் ஏற்றிப் பழகிய கைக்குக் காற்றைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்றே நாம் எண்ணியிருந்தோம். தைப்பொங்கலை அண்டிய நாட்களில் வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் மூங்கிலை வகிர்ந்து, தாள் ஒட்டி, முச்சை கட்டி, விண் பூட்டிக் கடற்கரை வெளியில் பட்டம் ஏற்றியவர்கள் நாம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கல் நாளன்று நடைபெறும் பட்டப் போட்டியை இன்று உலகெங்குமுள்ள எம்மவர் திரையில் பார்த்து மகிழ்கின்றனர். அந்த மண்ணிலிருந்து வந்த ஒருவர், காற்றில் ஒரு விளையாட்டு விமானத்தைப் பறக்கவிடத் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்வாரா? நாமும் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் விலையைப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கொடுக்க நேர்ந்தது.

மொன்றியல் தீவின் மேற்கே, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எமது தங்கையின் குடும்பம் வசிக்கிறது. திருமுருகன் ஆலயம் அமைந்திருப்பதனால் எம்மவர் பலரும் அறிந்த ஊர் அது. தங்கையின் மகன், பனிக்காலம் முழுவதும் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்து ஒரு கிளைடரைச் செய்து முடித்திருந்தான்.

கிளைடர் என்பது இயந்திரம் இல்லாத விமானம். உயரத்திலிருந்து மெல்லச் சறுக்கி இறங்குவதே அதன் பறப்பு. மேலெழும் காற்று கிடைத்தால் ஏறும்; கிடைக்காவிட்டால் இறங்கும். தரையில் நிற்பவர் கையிலுள்ள ரேடியோக் கருவியின் மூலம் வாலிலுள்ள தகடுகளை அசைத்து அதை இடம் வலமாகத் திருப்பலாம். மூக்கை உயர்த்தலாம், தாழ்த்தலாம். மருமகனின் கிளைடர், இறக்கையின் நுனிக்கு நுனி 1 மீற்றர் அளவானது. நிறை 250 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ரெஜிபோமைக் காட்டிலும் வளைந்து கொடுக்கும் ஒருவகை நுரைப் பலகையால் ஆனது. அதன் வாலில் சிவப்பு மையால் ஒரு சிறிய வேல் வரைந்திருந்தான்.

அந்த ஞாயிறு

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், தீவுக்கு வெளியே மேற்குத் திசையில் உள்ள விவசாய நிலமொன்றுக்குச் சென்றோம். நிலத்தின் சொந்தக்காரரிடம் மருமகன் தானே பிரெஞ்சில் பேசி அனுமதி பெற்றான். தென்மேற்கிலிருந்து மணிக்கு 20 கிலோமீற்றர் அளவில் காற்று வீசிக்கொண்டிருந்தது. நிலத்தில் அறைந்த முளையில் இறப்பர் நாணைக் கட்டி, அதன் மறுமுனையில் நீண்ட நைலோன் நூலைப் பிணைத்து, நூல் நுனியின் வளையத்தைக் கிளைடரின் அடியிலுள்ள கொளுக்கியில் மாட்டி, பின்னோக்கி இழுத்து விட்டான். அசல் பட்டம் போலவே அது நூலில் ஏறிற்று. உச்சியில் வளையம் தானாகக் கழன்று நூல் கீழே விழ, கிளைடர் தனித்து மிதந்தது. எமது கண்கள் கலங்கின என்பதை ஒளிப்பானேன்? நூல் அறுந்த பட்டம் போய்விடும். இதுவோ நூலை விட்ட பின்பும் எம்மை விட்டுப் போகாமல் நின்றது.

“கொண்டா தம்பி, நாங்கள் பாக்காத காத்தே?” என்று கருவியைக் கையில் வாங்கினோம்.

கிளைடரைத் திருப்பினோம். காற்றுக்கு எதிராக நின்ற பொருள், காற்றோடு சேர்ந்து எமது தலைக்கு மேலாகப் பாய்ந்தது. அம்பு போலச் செல்கின்றதே என்ற பதற்றத்தில், அதன் வேகத்தைக் குறைக்க எண்ணி நெம்பைப் பின்னால் இழுத்தோம். பட்டம் தாழ்ந்தால் நூலை இழுப்போம். அது நிமிர்ந்து ஏறும். சிறு வயது முதல் கை அறிந்த விதி அது. கிளைடர் மூக்கை உயர்த்திற்று. ஒரு கணம் ஆகாயத்தில் அசையாமல் நின்றது. பின்னர் ஒரு இறக்கையைச் சாய்த்து நேரே நிலத்தில் விழுந்தது. ஓடிச் சென்று பார்த்தபோது இறக்கை நடுவில் முறிந்திருந்தது. வேல் வரைந்த வால் தனியே கிடந்தது.

“சுழல்காத்து ஒண்டு அடிச்சுப்போட்டுது” என்றோம்.

மருமகன் எதுவும் பேசவில்லை. துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்தான். அன்றிரவு தங்கை கேட்டபோதும் நாம் அதையே சொன்னோம். ஆடத் தெரியாதவள் அரங்கு கோணல் என்றாளாம்.

வெறுமையாக விட்ட இடம்

மறுநாள் அவனது மேசையில் ஒரு கொப்பியைக் கண்டோம். ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி. நாள், காற்றின் திசை, காற்றின் வேகம், நடந்தது என்ன, காரணம் என்ன என்று ஐந்து நிரல்கள். “வாலைக் கோணலாக ஒட்டினேன்”, “பற்றரியை முழுமையாக ஏற்றவில்லை”, “மரத்தைக் கவனிக்கவில்லை” என்று தன் பிழைகளைத் தானே பிரெஞ்சில் எழுதியிருந்தான். முதல் நாளின் வரியில் நான்கு நிரல்கள் நிரம்பியிருந்தன. ‘காரணம்’ என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

மாமன் பிழை விட்டார் என்று எழுத அவனுக்கு மனம் வரவில்லை. காற்று என்று எழுதவும் மனம் வரவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். சற்றுத் தயங்கிச் சொன்னான்: “மாமா, காத்தெண்டு எழுதினால் அடுத்தமுறையும் அப்பிடித்தான் விழும்.”

அந்தச் சொல்லுக்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. ஆயினும் பேனாவை எடுத்து அந்த இடத்தை நிரப்பும் துணிவும் அன்று வரவில்லை. அதற்குப் பதிலாக, நாம் எங்கே பிழைத்தோம் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள முற்பட்டோம்.

பட்டம் வேறு, கிளைடர் வேறு

பட்டத்தை நூல் பிடித்து வைத்திருக்கிறது. அது ஓரிடத்தில் நிற்க, காற்று அதன் மீது வந்து மோதுகின்றது. ஆகவே பட்டக்காரன் தரையிலிருந்து உணரும் காற்றும் பட்டம் உணரும் காற்றும் ஏறக்குறைய ஒன்றே. கிளைடருக்கு நூல் இல்லை. ஆற்றில் நீந்துபவனை ஆறு சுமந்து செல்வது போல, அதைச் சூழ்ந்த காற்று முழுவதும் அதைச் சுமந்து செல்கின்றது. கிளைடர் அறிவது தன் இறக்கையின் மீது பாயும் காற்றின் வேகத்தை மட்டுமே. தரையில் நிற்பவர் காண்பதோ தரையைப் பொறுத்த வேகத்தை. இரண்டும் வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிளைடர் காற்றினூடே மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். காற்று 20 கிலோமீற்றர். எதிர்த்துச் செல்லும்போது தரையில் அதன் வேகம் 10; காற்றோடு செல்லும்போது 50. ஆனால் இரு திசையிலும் இறக்கை உணரும் வேகம் அதே 30 தான். நாம் 50ஐக் கண்டு அஞ்சி மூக்கை உயர்த்தினோம். அதனால் குறைந்தது எம்மைப் பயமுறுத்திய வேகமன்று, இறக்கையைத் தாங்கிய வேகம். தாங்கும் வேகத்துக்குக் கீழே சென்றதும் இறக்கை தன் ஏந்து விசையை இழந்தது. விமானிகள் இதனை ‘ஸ்டோல்’ என்பர்.

இதே கணக்கில் இன்னொரு பொறியும் உண்டு. காற்றோடு 200 மீற்றர் தூரம் செல்ல 14 செக்கன் போதும். அதே தூரம் எதிர்த்துத் திரும்பி வர 72 செக்கன் வேண்டும், ஐந்து மடங்கு. கிளைடரோ ஒவ்வொரு செக்கனும் அரை மீற்றருக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. 30 மீற்றர் உயரத்தில் இருக்கும்போது அவ்வளவு தூரம் காற்றின் வழியே போகவிட்டவர், அது வீடு திரும்புமென்று எதிர்பார்க்க முடியாது. ஆகவேதான் பழகியவர்கள் கிளைடரை எப்போதும் தமக்கு முன்னே, காற்று வரும் திசையிலேயே வைத்துப் பறப்பர்.

கோடை கற்பித்தவை

முறிந்த இறக்கை ஒட்டப்பட்டது. இம்முறை நாம் கருவியைக் கேட்கவில்லை, மாணவனாகச் சென்றோம். பறப்பில்லாத நாட்களில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவின் சென்ரெனியல் பூங்காவுக்கு நடப்போம். பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் மேடு அங்குண்டு. தடியொன்றின் நுனியில் மெல்லிய நாடாவைக் கட்டி மேட்டைச் சுற்றி வந்தோம். காற்று வந்து மோதும் பக்கத்தில் நாடா மேல்நோக்கிச் சாய்ந்து பறக்கும். மறுபக்கத்தில் இறங்கினாலோ அதே நாடா சுருண்டு, கீழே துவண்டு, சில வேளை எதிர்த் திசையிலும் திரும்பும். மேட்டின் முன்பக்கக் காற்று கிளைடரைத் தூக்கும். பின்பக்கக் காற்று நிலத்தில் அறையும். மரவரிசைக்கும் கட்டடத்துக்கும் இதே நியாயந்தான். அவற்றின் பின்னே, உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்குக் காற்று குழம்பியே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத காற்றை ஒரு முழ நாடா காட்டிக் கொடுத்தது.

கொப்பியில் கோடை முழுவதும் சேர்ந்த பிழைகளுள் வாசகர்க்குப் பயன்படக்கூடிய சிலவற்றை இங்கு தருகின்றோம்.

தரைக்கு அண்மையில் காற்றின் வேகம் குறைவு. மேலே செல்லச் செல்லக் கூடும். எதிர்க்காற்றில் இறங்கி வரும் கிளைடர், கடைசிச் சில மீற்றரில் அந்த எதிர்க்காற்றைத் திடீரென இழக்கின்றது. மெதுவாக இறக்குவதே பாதுகாப்பு என்று எண்ணி வந்தவன் அங்கேதான் விழுகின்றான். ஆகவே, காற்றுள்ள நாளில் சற்று வேகமாகவே வந்து இறங்க வேண்டும்.

காற்றுக் கடுமையானால் பட்டக்காரன் வாலை நீட்டுவான். கிளைடர்காரன் செய்ய வேண்டியது வேறு. நிறையைக் கூட்ட வேண்டும். பாரமான கிளைடர் வேகமாகப் பறக்கும். எதிர்க்காற்றைக் கிழித்து முன்னேறும். பாரம் கூடினால் விழும் என்ற எமது எண்ணம் இங்கும் பொய்த்தது. ஆனால் அந்தப் பாரத்தைச் சமநிலைப் புள்ளியிலேயே வைக்க வேண்டும். பட்டத்துக்கு முச்சை எப்படியோ கிளைடருக்குச் சமநிலைப் புள்ளி அப்படி. சற்றுப் பின்னே நகர்ந்தாலும் அது சொற்கேளாப் பிள்ளையாகிவிடும்.

கிளைடர் எம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். அவ்வேளை மூளை குழம்பாதிருக்க ஓர் எளிய வழி உண்டு. எந்தப் பக்கத்து இறக்கை தாழ்கின்றதோ, அந்தப் பக்கமாகவே நெம்பைச் சாய்த்தால் அது நிமிரும்.

முன்னோர் விட்ட பிழை

எமது பிழை நூற்றாண்டுப் பழைமை வாய்ந்தது என்பதைப் பின்னர் அறிந்தோம். ஜேர்மனியின் ஒட்டோ லிலியென்தால் 1891 முதல் தாமே செய்த கிளைடர்களில் ஏறத்தாழ 2000 தடவைகள் பறந்தவர். 1896 ஓகஸ்ட் 9 அன்று அவரது கிளைடரின் மூக்கு காற்றில் உயர்ந்தது. தாங்கும் வேகத்தை இழந்தது. ஏறக்குறைய 15 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார். நுரைப் பலகையோடு நாம் தப்பினோம். முன்னே சென்றவர் உயிரைக் கொடுத்துக் கற்பித்தார்.

அவரது குறிப்புகளைப் படித்தே அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் தொடங்கினர். 1901இல் அவர்கள் செய்த கிளைடர், கணக்குச் சொன்ன அளவுக்கு எழவில்லை. மனமுடைந்து திரும்பினர். எனினும் காற்றைக் குறை கூறாமல் கணக்கைச் சந்தேகித்தனர். காற்றுச் சுரங்கம் ஒன்றைத் தாமே அமைத்துச் சிறு இறக்கைகளை அளந்தனர். 1902இல் செய்த கிளைடர் திருப்பங்களில் பக்கவாட்டாகச் சறுக்கி மணலில் குத்தியது. அசையாதிருந்த வாலை அசையும் வாலாக மாற்றி அப்பிழையையும் களைந்தனர். இவ்விரு திருத்தங்களின் பின்னரே 1903 டிசெம்பர் 17 அன்று இயந்திரத்தோடு பறந்தனர். முதற் பறப்பு 12 செக்கனில் சுமார் 37 மீற்றர். கடும் எதிர்க்காற்று வீசியதால் தரையைப் பொறுத்து அது ஒருவர் மெல்ல ஓடும் வேகந்தான். இறக்கை உணர்ந்த வேகமோ மணிக்கு 50 கிலோமீற்றரை அண்டியது. நாம் வயலில் அறியத் தவறிய பாடம் அதுவே.

மொன்றியலில் புறப்பட்ட ஒரு பிழை

எமது நகரத்திலிருந்து புறப்பட்ட விமானமொன்றும் இதற்குச் சான்று. 1983 யூலை 23 அன்று எயர் கனடாவின் 143ஆம் இலக்க விமானம் மொன்றியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரன் நோக்கிச் சென்றது. எரிபொருள் அளவுமானிகள் வேலை செய்யாததால், தாங்கியில் உள்ள லீற்றரைக் கையால் அளந்து கிலோகிராமாக மாற்றினர். அப்போது, கிலோகிராமுக்குரிய எண்ணுக்குப் பதிலாக இறாத்தலுக்குரிய 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்திவிட்டனர். தேவையான எரிபொருளில் பாதிக்கும் குறைவோடு விமானம் எழுந்தது. ஒட்டாவாவில் மீண்டும் சரிபார்த்தனர். அதே பிழையான எண்ணைக் கொண்டே சரிபார்த்தனர். நடுவானில், 41,000 அடி உயரத்தில் பறக்கையில் எரிபொருள் தீரத் தொடங்கியது. இரு இயந்திரங்களும் நின்றன.

விமானி றொபேட் பியர்சன் ஓய்வு நேரங்களில் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிளைடர்காரர் உயரத்தைக் குறைக்கக் கையாளும் பக்கவாட்டுச் சறுக்கலை அந்தப் பெரிய விமானத்தில் செய்து, மனிற்ரோபாவின் கிம்லியில் இருந்த பழைய விமானப்படை ஓடுபாதையில் இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் தப்பினர். அன்று முதல் அவ்விமானம் ‘கிம்லி கிளைடர்’ எனப்பட்டது.

பழைய விதியைக் கொண்டே மீண்டும் சரிபார்ப்பது சரிபார்ப்பு ஆகாது என்பதே இச்சம்பவத்தில் எம்மை உறுத்திய பாடம். பட்டத்தின் விதியைக் கொண்டு கிளைடரை அளந்த நாம் செய்ததும் அதுவே. ஊரிலிருந்து கொண்டுவந்த அறிவு பொய்யன்று. காற்றின் திசையை முகத்தால் அறிய, சமநிலையை விரலால் அறிய, அது இன்றும் உதவுகின்றது. ஆனால் நூல் இல்லாத இடத்தில் நூலின் விதி செல்லாது.

வீட்டுக்குள் வந்த அச்சம்

நாம் ஏன் அன்று காற்றின் மீது பழி போட்டோம்? அகதியாக வந்தவர்க்குப் பிழை என்பது விளையாட்டன்று. விசாரணையில் ஒரு திகதி மாறிச் சொன்னதற்காகத் தம் உண்மை முழுவதும் ஐயத்துக்குள்ளானதாகக் கூறியோரை நாம் அறிவோம். வேலையிடத்தில் ஒரு பிழை என்றால் நாளை வேலையில்லை என்ற அச்சத்தோடு ஆண்டுகளைக் கழித்தோம். பிழையை ஒளிப்பது உயிர் காக்கும் பழக்கமாயிற்று. அந்தப் பழக்கத்தைச் சப்பாத்தோடு வாசலில் கழற்றி வைக்காமல் வீட்டுக்குள்ளும் கொண்டு வந்துவிட்டோம். புள்ளி குறைந்த தேர்வுத்தாளைப் பிள்ளை எம்மிடம் மறைக்கும்போது, அது எவரிடம் கற்றது என்று கேட்க மறக்கின்றோம்.

ஒளிப்பது எப்போதும் காப்பதும் இல்லை. தமது அகதிக் கோரிக்கைப் படிவத்தில் பிழையோ விடுபட்ட செய்தியோ இருப்பதைக் கண்டவர், விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் திருத்தத்தை எழுத்தில் சமர்ப்பிக்க வழியுண்டு. தாமே முன்வந்து திருத்திய பிழைக்கும் விசாரணையில் பிறர் கண்டுபிடித்த பிழைக்கும் வேறுபாடு பெரிது. உங்கள் சட்டத்தரணியிடம் காலந்தாழ்த்தாது கேளுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

இவ்விளையாட்டில் பிள்ளைகளை ஈடுபடுத்த விரும்புவோர் விதிகளையும் அறிதல் நன்று. 2019 யூன் 1 முதல் கனடாவில் 250 கிராம் தொடக்கம் 25 கிலோகிராம் வரையான, தூரத்திலிருந்து இயக்கும் விமானங்களைப் பதிவு செய்தலும், இயக்குபவர் சான்றிதழ் பெறுதலும் பொது விதியாகும். தனியாள் பதிவு, குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உடையோர்க்கு மட்டுமே உரியது. ஆகவே, அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ள குடும்பங்கள் 250 கிராமுக்குக் குறைந்த கிளைடரோடு நிற்பதே ஏற்றது. அதற்குப் பதிவு தேவையில்லை. ஆயினும் ஆட்களுக்கோ விமானங்களுக்கோ ஆபத்து விளைவித்தல் குற்றமே. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ, டோர்வலில் உள்ள விமான நிலையத்துக்கு அண்மையில் இருப்பதை மறத்தலாகாது. பூங்காவில் நாடாவும் பட்டமும் போதும். கிளைடருக்கு நகருக்கு வெளியே, அனுமதி பெற்ற திறந்த வெளியைத் தேடுங்கள்.

செப்டெம்பர் மாதத்தில், இலைகள் நிறம் மாறத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, மருமகன் தானாகவே கருவியை எம்மிடம் நீட்டினான். வாங்குவதற்கு முன் அவனது கொப்பியைக் கேட்டு வாங்கினோம். மே மாதத்துப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தில் தமிழில் எழுதினோம்: “மாமா பின்னால் இழுத்தார்.” அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான், தலையசைத்தான்.

அன்று காற்றோடு கிளைடர் பாய்ந்தபோது கை பின்னால் இழுக்கத் துடித்தது, இழுக்கவில்லை. ஆனால் எதிரே திரும்பப் பிந்திவிட்டோம். நின்ற இடத்திலிருந்து எண்பது அடி தள்ளி, சோளத் தாள்களுக்கு நடுவே கிளைடர் இறங்கிற்று. முறிவு எதுவும் இல்லை. மருமகன் கொப்பியை விரித்துப் புதிய வரியொன்றைத் தொடங்கி, காரணத்தை எழுதுமாறு பேனாவை எம்மிடமே தந்தான்.